தீகோங்குக்கு இனிப்பு உபயம்

புக்கிட் தெபுவில் வானத்துப் பேரரசர் கரும்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த அன்று வெயில் கொஞ்சம் அதிகம், மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. சீனப் புத்தாண்டுப் பெருநாளின் ஒன்பதாம் நாள் அது. முந்தின இரவே சீனர்கள் வேரும் தோகையுமாக முழுக் கரும்பை வாசலுக்கு இரண்டென்று கட்டி, மேசை போட்டு, பத்தி கொளுத்தி, பட்டாசு வெடித்து, தீகோங்குக்கு, அதாவது எல்லாச் சாமிக்கும் மேலான சாமிக்கு, மேலுலகம் என்கிற மாபெரும் ஆபீசுக்கே பெரிய அதிகாரியான பச்சைக்கல் பேரரசருக்குப் பிறந்தநாள் கொண்டாடி முடித்திருந்தார்கள். மறுநாள் பிற்பகல் ஊரே அயர்ந்து கிடந்தபோது, பஸ் நிலையத்துக்கு எதிரே இருளாயியின் கரும்புச்சாறு வண்டியில் விற்காமல் சாய்த்து வைத்திருந்த ஒற்றைக் கரும்பு மேலே மேலே வளர்ந்து, மின்கம்பியைத் தாண்டி, மேகத்துக்குள் தோகையை நுழைத்து, கொஞ்ச நேரம் ஆடி நின்றது. அதன் வழியாகப் பச்சை அங்கி போட்ட ஒல்லிக் கிழவர் ஒருவர் கணுக் கணுவாகக் கால் வைத்து இறங்கி, கடைசிக் கணுவில் வழுக்கி, ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அதுல உக்காராதீங்க, மூடி ஒடஞ்சிரும்" என்றாள் இருளாயி.

அவர் எழுந்துகொண்டார். தலையில் பலகை வைத்த மாதிரி ஒரு தொப்பி. அதன் முன்பக்கம் கண்ணை மறைத்துப் பன்னிரண்டு மணிச்சரங்கள் தொங்கவேண்டும். மேலே இருப்பவர் கீழே இருப்பவர்களின் சில்லறைக் குற்றங்களைப் பார்க்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. இறங்கும்போது தோகை கிழித்ததில் பதினொன்று அறுந்துபோய் ஒன்றுதான் மிச்சம். பின்னால் வந்த சங்கடம் அத்தனையும் அதனால் வந்தது. அவர் ஏன் இறங்கினார் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

முறைப்படி முதலில் சீனக் கோயிலுக்குத்தான் போனார். அங்கே கமிட்டிக்காரர்கள் அவரையும் பார்த்தார்கள், உள்ளே தங்கம் பூசி உட்கார்த்தி வைத்திருந்த சிலையையும் பார்த்தார்கள். சிலைக்குத் தாடி ஐந்து பிரிவு, இவருக்கு மூன்றுதான். சிலை குண்டு, இவர் ஒல்லி. சிலை பேசாது, இவர் வந்ததும் வராததுமாக "போன வருஷம் வைத்த ஆரஞ்சையே இந்த வருஷமும் வைத்திருக்கிறீர்கள்" என்றார். யாராவது முக்கியஸ்தரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வரும்படி மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் திரும்பி நடந்து வந்து இருளாயியின் வண்டி நிழலில் நின்றவரைத்தான் மாரியம்மன் கோயில் தலைவர் தணிகாசலம் பார்த்தார்.

நம்மவர்கள் அப்படியெல்லாம் ஒரு சாமியை விட்டுவிடுவார்களா? அன்று சாயங்காலமே கூட்டம் போட்டார்கள். வந்தவர் சைவமா அசைவமா, சிவனுக்குச் சொந்தமா விஷ்ணுவுக்குச் சொந்தமா, கிழக்கு பார்த்து உட்காருவாரா வடக்கு பார்த்தா, அவருக்கு வேட்டி கட்டலாமா, கட்டினால் எந்த ஊர்க் கட்டு, பூசாரி இவரைக் கும்பிடவேண்டுமா இவர் பூசாரியைக் கும்பிடவேண்டுமா என்று மூன்று மணி நேரம் பேசி, இரண்டு நாற்காலியை உடைத்து, கடைசியில் எல்லாருக்கும் ஒத்துவந்த ஒரே முடிவாக அவரைக் கோயிலின் கௌரவ ஆலோசகராக நியமித்தார்கள். அந்தப் பதவிக்கு வேலை கிடையாது, அதிகாரம் கிடையாது, மேடையில் ஒரு நாற்காலி மட்டும் உண்டு. மேலே அவருக்கு இருந்த பதவியும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் அவரும் ஒப்புக்கொண்டார். கோயில் பக்கத்துத் தகரக் கொட்டகையில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். நம் தமிழிலேயே பேசினார், அதுவும் தோட்டத்துத் தமிழ். நூறு வருஷமாக அங்கிருந்து மேலே வந்த புலம்பலைக் கேட்டுக் கேட்டுப் படிந்தது.

பொன்னாடை போர்த்தும் விழாவில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது. செயலாளர் மருதப்பன் மாலை போட, தணிகாசலம் பொன்னாடையை விரித்துப் போர்த்தி, பல் தெரியச் சிரித்து, போட்டோவுக்கு நின்றபோது பெரியவர் ஒலிபெருக்கியில் சொன்னார்:

"இது போன மாசம் செத்துப்போன டிரைவர் காளிமுத்து மேல கெடந்த துணிதானே? கழுத்துப் பக்கம் இன்னும் சந்தனம் இருக்கு."

கூட்டம் சிரித்தது. சாமி தமாஷ் பண்ணுகிறது என்று நினைத்தார்கள்.

"சிரிக்காதே மருதப்பா. தணிகாசலம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து என்ன கேட்டான் தெரியுமா? உன் பல்லு அத்தனையும் கொட்டணும்னு கேட்டான். நீ அதே நாள்ல பால்குடம் எடுத்து அவனுக்கு வாதம் வரணும்னு கேட்டே. நீங்க எந்தச் சாமிகிட்ட கேட்டாலும் கடைசியில என் மேசைக்குத்தான் வரும். ரெண்டும் நிலுவையில இருக்கு."

ஒலிபெருக்கியைப் பிடுங்குவதற்குள் இன்னும் ஏழெட்டுப் பேரின் வேண்டுதல்கள் வெளியே வந்துவிட்டன. எந்த மாமியார் எந்த மருமகளுக்கு வயிறு திறக்கக்கூடாதென்று விளக்கு போட்டாள், எந்தத் தம்பி அண்ணன் லாரி கவிழவேண்டுமென்று தேங்காய் உடைத்தான், எல்லாம் தேதியோடு, எண்ணோடு, ஆபீஸ்காரன் கோப்பைப் படிக்கிற குரலில். விளக்கு போட்ட அந்த மாமியார் மயக்கம் போட்டு விழுந்தாள், விழுகிற இடத்தைப் பார்த்துப் பக்குவமாக விழுந்தாள். புக்கிட் தெபு மூன்று நாள் ஒருவரோடொருவர் பேசவில்லை. நான்காம் நாள் எல்லாரும் சேர்ந்து பேசினார்கள், ஒரே விஷயத்தை: இந்த வாயை எப்படி மூடுவது?

வழி சொன்னது சீன மருந்துக்கடை ஆ லெக். ஆள் நல்லவர்தான், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவே.

"எங்க அடுப்புச் சாமி இருக்குல்ல, அது வருஷக் கடைசி மேல போயி, வீட்ல என்ன நடந்துச்சி எல்லாம் தீகோங்கிட்ட சொல்லும். அதுக்கு முன்ன நாங்க வாயில இனிப்பு பூசுறது. அப்புறம் மோசம் பேச வராது, நல்லது மட்டும் பேசும் லா."

"இவருக்கும் பூசலாமா?"

"ஐயோ, இவர் பெரிய தவுக்கே, முதலாளி! சேதி கேக்குற ஆளு, சொல்லுற ஆளு இல்ல. இவர் வாயில யாரும் பூசினதில்ல."

யாரும் பூசியதில்லை என்பது நம்மவர்கள் காதில் ஏறவில்லை. சின்னச் சாமிக்குப் பலித்தால் பெரிய சாமிக்குப் பலிக்காதா? மறுநாளே உபயப் பட்டியல் அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு முறை: திங்கள் மைசூர்பாகு, செவ்வாய் சர்க்கரைப் பொங்கல், புதன் பால்கோவா, வியாழன் அதிரசம், வெள்ளி டோடோல் என்று காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் முறை வைத்து, தாம்பாளத்தில் பூ வைத்து, மேளத்தோடு கொண்டுபோய் ஊட்டினார்கள். மற்றவர்களெல்லாம் மாதத்துக்கு ஒரு நாள் பேர் கொடுத்திருக்க, தணிகாசலம் மட்டும் தினமும் பேர் கொடுத்து, தினமும் ஒரு பெட்டி ஜாங்கிரி கொண்டுவந்தார். என்ன பக்தி என்று சொன்னார்கள்.

பலித்தது. ஐந்தாம் நாள் பெரியவரின் உதட்டு ஓரத்தில் பாகு உறைந்து, கண்ணில் ஒரு மப்பு வந்து, வாயைத் திறந்தால் "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார். நாற்பத்தேழு வயது லாரி டிரைவரின் அம்மாவிடம் "உம் புள்ளை டாக்டராவான்" என்றார். தணிகாசலத்தைப் பார்த்து "உன்னை மாதிரி ஒரு தலைவன் இந்த ஊருக்குக் கிடைச்சது பாக்கியம்" என்றார். ஊர் பெருமூச்சு விட்டது. டயர்க் கடை திறக்க, பூப்பந்துப் போட்டி தொடங்க, காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொள்ள என்று ஒரு நாளைக்கு நாலு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் போன இடமெல்லாம் கைதட்டல். இதுவரை வந்த பிரமுகர்களிலேயே இவர்தான் நேரத்துக்கு வருகிறார் என்று மருதப்பன் சொன்னான்.

இருளாயிக்குத்தான் வயிறு எரிந்தது.

காரணம் சொல்கிறேன், பொறுங்கள். இருளாயிக்கு வயது அறுபத்தொன்று. அதுகூட ஒரு கணக்குதான். பிறந்த தேதி தெரியாது. பழைய கரும்புத் தோட்டத்தில் ஏழாம் நம்பர் வெட்டில், அதாவது ஏழாம் நம்பர் கரும்புக் காட்டில், பிறந்தவள். பிறப்புப் பத்திரம் இல்லை என்பதால் கையில் சிவப்பு அடையாளக் கார்டு: இங்கேயே பிறந்து, இங்கேயே கரும்பு வெட்டி, இங்கேயே புருஷனைப் புதைத்து, இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்லும் கார்டு. குடியுரிமைக்கான நீலக் கார்டுக்கு ஆறு முறை மனு போட்டாள், ஆறு முறையும் திரும்பி வந்தது. ஏழாவது மனுவுக்கு வந்த கடிதத்தில் ஆ லெக்கின் மகள் படித்துச் சொன்னது இதுதான்: அடுத்த புதன்கிழமை நேர்முகம், இவள் பிறந்ததை நேரில் கண்ட சாட்சி ஒருவரைக் கூட்டிவரவேண்டும், இதுவே கடைசி. வரும் வருஷத்திலிருந்து சிவப்புக் கார்டுக்குக் கடை லைசென்சும் கிடையாது. கண்டவர்கள் எல்லாரும் சுடுகாட்டில். ஒருத்தரைத் தவிர.

வந்த முதல் நாள் வண்டி நிழலில் நின்று கரும்புச்சாறு குடித்தபோது அவர் சொல்லியிருந்தார்: "நீ ஏழாம் நம்பர் வெட்டுல பொறந்தவ. காலையில. எனக்கு நல்லா நெனவிருக்கு. தோட்டத்துப் பேரேடு எழுதுற கிராணி ஏன் உன் பேரை எழுதலைன்னா..." அப்போது பார்த்துத்தான் தணிகாசலம் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"சாமி, புதன்கிழமை என்னோட ஆபீசுக்கு வரணும்" என்று கொட்டகைக்குப் போய்க் கேட்டாள்.

"எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"நான் பொறந்ததைப் பாத்தேன்னு சொன்னீங்களே, அதை அங்க வந்து சொல்லணும்."

"மகராசியா இருப்பே."

"கிராணி ஏன் எழுதலை?"

"கிராணி தங்கமான மனுஷன்."

இருளாயிக்கு வந்த கோபத்தில் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. நாள் முழுக்கக் கரும்புச்சாறு பிழிகிறவளுக்குச் சர்க்கரை வியாதி. அதற்காக ஃபிளாஸ்க்கில் எப்போதும் நிலவேம்புக் கஷாயம் வைத்திருப்பாள், நாக்கில் பட்டால் செத்தவனும் எழுந்து திட்டுகிற கசப்பு. அதைத் திறந்து, தாடையைப் பிடித்து, கன்றுக்குட்டிக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி பேரரசர் வாயில் ஊற்றினாள். அவர் இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. முகம் எட்டுக் கோணல் கோணிற்று. பிறகு, பத்து நாளில் முதல் முறையாக, பழைய குரலில் சொன்னார்:

"உன் சாறுல பாதி ஐஸ் தண்ணி."

இருளாயிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவ்வளவுதான், அடுத்த பேச்சுக்குள் மறுபடி மகராசி என்று ஆரம்பித்துவிட்டார். உள்ளே பத்து நாள் பாகு.

புதனுக்கு நான்கு நாள் இருந்தது. காலை ஏழு மணிக்கு அவள் கசப்பு ஊற்ற, ஒன்பது மணிக்கு மேளத்தோடு அவர்கள் இனிப்பு ஊட்ட, மத்தியானம் அவள் பாகற்காயை வேகவைத்துக் கொடுக்க, ஐந்து மணிக்கு அவர்கள் லட்டு கொண்டுவர, மூவுலகையும் ஆளுகிற சாமியின் குடலில் ஊரும் ஒரு கிழவியும் மல்லுக்கட்டினார்கள். அவர் யார் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்தார். அதுவும் அவர் வேலையில் ஒரு பகுதி போலிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காதுகுத்து விழாவில், மடியில் இருந்த குழந்தையைப் பார்த்து "இது வளர்ந்து..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "மூக்கு யாரு சாடைன்னு கேக்காதீங்க" என்றார். ஊருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

புதன்கிழமை காலையில் இருளாயி பெரியவரை மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏற்றியபோது, பின்னாலேயே கோயில் வேன் வந்தது. வேன் நிறையக் கமிட்டி, முன் இருக்கையில் தணிகாசலம், மடியில் ஜாங்கிரிப் பெட்டி.

ஆபீஸ் வாசலில் அவளை மறித்தார்.

"இருளாயி, பெரியவரை வெயில்ல இப்படி இழுத்துக்கிட்டு வரலாமா? உனக்குக் கார்டுதானே? நான் மேலிடத்துல சொல்லி வாங்கித் தரேன். இவரை எங்ககிட்ட விடு."

"ஆறு தடவையும் இதையேதான் சொன்னீங்க தலைவரே."

"இந்தத் தடவை நிச்சயம்."

"அதையும் சொன்னீங்க."

அவர் பெட்டியைத் திறந்து ஒரு ஜாங்கிரியை எடுத்து, பெரியவர் வாய்க்கு நேரே நீட்டினார். பெரியவரும் வாயைத் திறந்தார். இருளாயி குறுக்கே கை நீட்டினாள். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி வந்து, சுவரில் ஒட்டியிருந்த பலகையைத் தட்டி, சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்று சொல்லிப் பெட்டியை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டான். உலகத்தில் சில சட்டங்கள் நல்லதும் செய்யும். ஆனால் தணிகாசலத்தின் வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு ஜாங்கிரி ஏற்கெனவே இருந்தது, அதன் பாகு மஞ்சளாகக் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. காவலாளி அதைப் பார்க்கவில்லை.

மூன்றாம் கவுண்டரில் ரொஹானி என்ற அதிகாரி இருந்தாள். களைத்த முகம், நல்ல மனுஷி. இருளாயியின் கோப்பைப் புரட்டினாள், கிழவரின் பச்சை அங்கியையும் தொப்பியையும் பார்த்தாள், பேனாவை எடுத்துக்கொண்டாள். அந்தக் கவுண்டருக்கு இதைவிட விசித்திரமான ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

"இவள் பிறந்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

இருளாயி மூச்சை அடக்கிக்கொண்டாள். பின்னால் கமிட்டியும் அடக்கிக்கொண்டது. பெரியவர் வாயைத் திறந்தார். "எல்லாம்..." என்றார். ஒரு நொடி நின்றார். தொண்டையைக் கனைத்து, எதையோ விழுங்கி, முகத்தைக் கோணி, பிறகு சொன்னார்:

"பாத்தேன். ஏழாம் நம்பர் வெட்டு, காலை எட்டு மணி. இவ அம்மா கரும்பு வெட்டிக்கிட்டே இருந்தா, வலி வந்ததும் கத்தியைக் கீழே வச்சா, இவளைப் பெத்தா, திரும்பக் கத்தியை எடுத்தா. அன்னைக்கு மத்தியானம் கங்காணி வீட்டுல இன்னொரு புள்ளை பொறந்துச்சு, ஆம்பளைப் புள்ளை. கிராணியோட பேரேட்டுல கடைசி வரி ஒண்ணுதான் பாக்கி, புது ஏடு வர ஒரு மாசம் ஆகும். காலையில வந்ததால இவ பேரைத்தான் முதல்ல எழுதினான். மத்தியானம் கங்காணி ஒரு சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கிராணி பிளேடால இவ பேரைச் சுரண்டிட்டு, அதே வரியில அந்தப் புள்ளை பேரை எழுதினான். பக்கம் நூத்துப் பதினாலு. அந்தப் புள்ளைதான் பின்னால நிக்குது, சட்டைப் பையில ஜாங்கிரியோட."

யாரும் திரும்பவில்லை. திரும்பவேண்டிய அவசியம் இல்லை.

ரொஹானி எழுதுவதை நிறுத்திவிட்டு, "சாட்சியின் அடையாளக் கார்டு?" என்று கை நீட்டினாள்.

"இல்லை."

"கடவுச்சீட்டு?"

"இல்லை."

"அப்படியானால் இந்தச் சாட்சி செல்லாது" என்றாள், வருத்தத்தோடுதான் சொன்னாள். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தாள். "உங்களுக்குக் கார்டு இருக்கிறது. நீங்கள் சொன்னால் செல்லும். இவர் சொல்வது உண்மையா?"

தணிகாசலத்துக்கு அது இருபது வருஷமாகத் தெரியும். கங்காணி சாகும்போது சொல்லிவிட்டுத்தான் செத்தார். "சகோதரியின் மேல் எனக்கு எப்போதும்..." என்று மேடைக் குரலில் ஆரம்பித்தார்.

"ஆமாவா, இல்லையா?"

தணிகாசலம் கமிட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இருளாயியைப் பார்க்கவில்லை. பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, அந்த ஜாங்கிரியை எடுத்து, முழுசாகத் தன் வாயில் திணித்துக்கொண்டார். இரண்டு கன்னமும் உப்பி, உதட்டில் பாகு வழிய, பேச முடியவில்லை என்று கையால் சைகை காட்டினார்.

இருளாயி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஏழாவது தடவையும் முடிந்தது என்று நினைத்தாள். அறுபத்தொரு வருஷத்துக்கு ஒரு சேவல். அதைக்கூட யார் சாப்பிட்டார்களோ.

"உட்காருங்கள் அம்மா" என்றாள் ரொஹானி. "பக்கம் நூற்றுப் பதினாலு என்றாரே? சாட்சிக்குத்தான் கார்டு வேண்டும். பக்க எண்ணுக்கு வேண்டியதில்லை."

தோட்டத்தை மூடியபோது வந்த பழைய ஏடுகளெல்லாம் அந்த ஆபீசின் பின்னறையில்தான் இத்தனை வருஷமும் கிடந்தன. ஆறு மனுவுக்கும் யாரும் அதைத் திறக்கவில்லை. எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாததை யாரும் தேடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, தலைமுடியெல்லாம் தூசியோடு ரொஹானி ஒரு கனத்த ஏட்டைத் தூக்கி வந்து, நூற்றுப் பதினாலாம் பக்கத்தைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். தணிகாசலம் என்ற மசி எழுத்துக்குப் பின்னால், பிளேடு சுரண்டி மெலிந்த தாளில், வெளிச்சம் ஊடுருவுகிற இடத்தில், பேனா அழுத்திய தடம் அப்படியே இருந்தது. இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயரின் வடிவம் தெரியும், ஏழு மனுவில் அதைப் பார்த்து வரைந்திருக்கிறாளே. விரலால் தொட்டுப் பார்த்தாள். தேதியைக் கேட்டாள். ரொஹானி சொன்னாள்.

இருளாயி மெதுவாகத் திரும்பினாள்.

"அன்னைக்குத்தானே வருஷா வருஷம் மண்டபத்துல அன்னதானம் போடுவே, தலைவர் பொறந்தநாள்னு? நானும் தட்டைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில வந்து நிப்பேன். என் பொறந்தநாளுக்கு நீ கேக்கு வெட்டியிருக்கே, எனக்கு ஒரு துண்டு கொடுக்கலையேடா."

முக்கால் மணி நேரமும் ஜாங்கிரியை விழுங்காமல் அடக்கி வைத்திருந்த தணிகாசலத்தின் வாய் இன்னும் நிரம்பித்தான் இருந்தது.

ஒரு வரிக்கு ஒரு பெயர்தான், அது சட்டம். சுரண்டப்பட்ட பெயர் திரும்ப ஏறும். மேலே எழுதிய பெயர் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்படும். ரொஹானி தணிகாசலத்தின் நீலக் கார்டை வாங்கி உறையில் போட்டு, ஒரு தற்காலிகச் சீட்டைக் கொடுத்து, பிறந்ததை நேரில் கண்ட சாட்சி ஒருவரைக் கூட்டிவரச் சொன்னாள். அதற்குள் ஜாங்கிரி இறங்கிவிட்டது.

"சாமி!" என்று பெரியவர் காலில் விழுந்தார். "நீங்கதானே பாத்தீங்க! மத்தியானம் பொறந்தேன்னு நீங்க சொல்லுங்க சாமி!"

"சொல்றதுக்கு என்ன? என் சாட்சிதான் செல்லாதே" என்றார் பெரியவர். சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு கார்டு கெடைச்சா வந்து சொல்றேன். முறைன்னா முறை."

கார்டுக்கு மனு போட, இவரை எனக்குத் தெரியும் என்று நீலக் கார்டுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும் என்றாள் ரொஹானி. தணிகாசலம் கமிட்டியைத் திரும்பிப் பார்த்தார். பொன்னாடை போர்த்தியவர்கள், மடியில் பிள்ளையை வைத்துக் காதுகுத்தியவர்கள், முறை வைத்து ஊட்டியவர்கள். மருதப்பன் தொண்டையைச் செருமினான்.

"கோயிலுக்கு எத்தனையோ பேர் வருவாங்க, போவாங்க. இவரு யாரு, எந்த நாடு, எப்படி உள்ள வந்தாரு, நமக்கு என்ன தெரியும்?"

"கரும்புல ஏறி வந்ததா ஜனங்க பேசிக்கிட்டாங்க" என்றான் இன்னொருத்தன். "நாங்க பாக்கலை."

பத்து நிமிஷத்தில் வேன் கிளம்பிவிட்டது, தலைவரையும் விட்டுவிட்டு. மறு வாரமே கொட்டகையில் மோட்டார் சைக்கிள் நிறுத்த ஆரம்பித்தார்கள். தலைவர் நாற்காலியில் மருதப்பன் உட்கார்ந்தான். உட்கார்ந்த கையோடு சொல்லியும் வைத்தான், கரும்பில் இறங்கியதெல்லாம் கட்டுக்கதை என்று.

பேரரசர் அந்த ஆபீசிலேயே இருந்துவிட்டார். இயந்திரத்தில் ஒரு நம்பர் சீட்டைக் கிழித்துக்கொண்டு, சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளை அங்கிக்குள் விட்டு உட்கார்ந்தார். காலையில் திறக்கும்போது வருவார், சாயங்காலம் மூடும்போது போவார். எங்கே போவார் என்று காவலாளி கேட்கவில்லை. அவர் அங்கே உட்கார்ந்திருந்த எட்டு மாதமும் புக்கிட் தெபுவில் யார் எதற்கு விளக்கு போட்டும், தேங்காய் உடைத்தும், பத்தி கொளுத்தியும் ஒன்றும் பலிக்கவில்லை, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. பெரிய அதிகாரி சீட்டில் இல்லை, பிறகு எப்படிப் பலிக்கும்? மருதப்பனின் பல் ஒன்றுகூட ஆடவில்லை.

தணிகாசலம் வாரம் ஒரு தரம் வண்டியண்டை வந்து நிற்பார். வாழ்க்கையில் முதல் முறையாக "அக்கா" என்றார். நாலு மணி நேர மூப்பு.

"அக்கா, உங்க கார்டு வந்ததும் பெரியவருக்கு ஒரு கையெழுத்து..."

"ஓரமா நில்லு. பின்னால ஆள் இருக்கு."

எட்டாம் மாதக் கடைசியில் நீலக் கார்டு வந்தது. இருளாயி அதைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டு, லைசென்ஸ் வாங்கப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, நேரே பஸ் ஏறி அந்த ஆபீசுக்குப் போனாள். சுவரோரம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒற்றைச் சரத்தையும் யாரோ பிள்ளை பிய்த்துவிட்டிருந்தது.

"வாங்க" என்றாள். "கையெழுத்துப் போட வந்திருக்கேன். அந்தத் தடியனுக்காக இல்ல, சொல்லிட்டேன்."

"அவனுக்காகவும்தான்" என்றார் அவர்.

"உங்க வாயி இருக்கே!"

ரொஹானி படிவத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல, இருளாயி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இவரை நேரில் தெரியுமா? தெரியும். இவருக்காகப் பொறுப்பேற்கிறீர்களா? ஏற்கிறேன். எத்தனை வருடமாகத் தெரியும்? இருளாயி பெரியவரின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நான் பொறந்த அன்னையிலேர்ந்து."

அப்படியெல்லாம் எழுத முடியாது, கட்டம் சின்னது, எண்ணில் சொல்லுங்கள் என்றாள் ரொஹானி.

"அறுபத்தொண்ணு" என்றாள் இருளாயி. இந்தத் தடவை சரியாகத் தெரிந்து சொன்னாள்.